மூக்குத்தி போட்ட ட்ரௌட் மீன்

என் செல்ல அப்பாவுக்கு,

"அது மூக்குத்தி இல்லீங்கப்பா, தூண்டில் முள்ளு" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. "இது நான் உங்களுக்குப் படிக்கவென்று வாங்கிய புத்தகம்" என்றும் சொல்லவில்லை. தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றேன்.

சேலத்துப் பழைய புத்தகக் கடையில் அதைப் புரட்டியபோதே உங்கள் முகம்தான் வந்தது. தூண்டில் முள்ளில் இறகாலும் நூலாலும் பொய் ஈ கட்டி, ட்ரௌட்டையும் சால்மனையும் பிடிப்பது பற்றி அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியது. தூண்டில்காரர்கள் இன்றும் தேடிப் படிக்கிற புத்தகமாம். நீங்கள் மீனைக் கண்டால் போன வேலையை மறந்து ஓடையோரம் நிற்பவர். சர்க்கரை உங்கள் கண்ணை மங்கவைத்திருந்தது. சனிக்கிழமைதோறும் மலையேறி வந்து நானே படித்துத் தமிழில் சொல்வது என்று வைத்திருந்தேன். முதல் அத்தியாயம் சொல்லியும் முடித்தேன்.

மறுவாரம் நான் வருவதற்குள் அண்ணி அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

மிளகு காய்ந்துகொண்டிருந்த படுதாவுக்குப் பக்கத்தில் நீங்கள் நாற்காலியில். கீழே அண்ணி, பிளஸ் டூ இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிக்கொண்டு. பொய் ஈக்களை வரிசையாக வரைந்திருந்த வண்ணப்படப் பக்கம்.

"மீனு வாயில இதைக் குத்தறாங்களாமுங்க மாமா. அப்புறம் தண்ணியிலயே உட்டுடறாங்களாம்."

"திங்கறதில்லியா?"

"இல்லீங்களே. உட்டுடறாங்கன்னுதான் போட்டிருக்குது."

"அட, அப்ப அது மூக்குத்தி. வெள்ளைக்காரனும் நம்ம கோயில் மாதிரியே வேண்டிக்கறான்."

நம் ஆற்றங்கரைச் சிவன் கோயிலில், வேண்டிக்கொண்டவர்கள் மீனைப் பிடித்து மூக்குக் குத்தி மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். இப்படியொரு தப்பு கொல்லிமலைக்காரர்களுக்குத்தான் வரும். சின்ன மீனைத்தான் விடுகிறார்கள், பெரியதைச் சமைத்துவிடுகிறார்கள் என்பது அடுத்த பக்கத்திலேயே இருந்தது. நீங்கள் இருவரும் அடுத்த பக்கம் போகவே இல்லை.

"மயிலிறகு வச்சது ஆருக்குங்க மாமா?"

"அது பெரிய ஊட்டு மீனுக்கு."

"இந்தக் கருப்பு?"

"அது ஒங்க அத்தைக்கு. அவளுக்கு எதப் போட்டாலும் கொறதான்."

உள்ளேயிருந்து அம்மா, "எனக்குக் காது கேக்கும்" என்றார். இருமல் வரும்வரை சிரித்தீர்கள். நான் படித்த முதல் அத்தியாயத்தில் ஒருமுறையாவது சிரித்தீர்களா அப்பா?

சாப்பிடும்போது கேட்டேன். "நாளைக்கு நான் படிக்கட்டுங்களா?"

"நீ படிச்சா சரியா இருக்கும் சாமி. அவ படிச்சா நல்லா இருக்குது."

எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள் நான். பிறந்த நாள் முதல் உங்களைத் தெரிந்தவள். நேற்று வந்த அண்ணிக்கு உங்கள் சிரிப்பு எப்படி அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது?

நீங்கள் போன பிறகும் அது ஆறவில்லை. உங்களுக்காக அழுவதில்கூட அண்ணி என்னை முந்திக்கொண்டதாகத் தோன்றியது.

இங்கே மிளகு இந்த முறை பரவாயில்லை. வாழவந்தி பஸ் இப்போது நம் வளைவில் நிற்கிறது. காரியம் முடிந்து, உங்கள் வாட்சை அண்ணனும் சால்வையை அம்மாவும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அண்ணி குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "அந்தப் புத்தகத்தை எனக்குத் தாங்க அண்ணி. நான் வாங்கினது" என்றேன்.

"தரமாட்டேனுங்க."

"அதை வச்சு நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாமா சல்மோன் மீனு வரைக்கும் வரலீங்களே. பாதியில நிக்குது. ஒங்ககிட்டத் தந்தா சேலத்துல ஒக்காந்து மனசுக்குள்ளயே படிச்சு முடிச்சிருவீங்க. மாமாவுக்கு எப்படிக் கேக்கும்?"

சால்மன் என்று திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். திருத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிழங்கை எடுத்தேன்.

மீதியை நானும் அண்ணியும் சத்தமாகவே படித்து முடிப்போம் அப்பா. சனிக்கிழமை தவறாமல் வருவேன். பொறாமையையும் கூடவே கூட்டிக்கொண்டுதான் வருவேன், அதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

போன வாரம் தொடங்கினோம். அண்ணி எனக்கு ஒரு பக்கம் படிக்கத் தந்தார். படித்து முடித்ததும் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
நீங்கள் பெற்ற மகள்