கயிறு பிடிக்க முதல்

கிளி,

இன்று காலை பால் வாங்கப் போவோம் என்று காரின் டிக்கியைத் திறந்தேன். நோவுக்குப் பூசுகிற எண்ணெயின் மணம் முகத்தில் அடித்தது. விளையாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோன பைக்குள் உன் போத்தல் சரிந்து, உன் சிவப்பு ரீ-சேர்ட்டில் ஊறிக் கிடந்தது. மூடியை இறுக்காமல் வைத்தவள் நான்தான். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். டிக்கியை மூடவும் மனம் வரவில்லை, கடைக்குப் போகவும் மனம் வரவில்லை. போட்டியில் நடந்ததை உனக்குச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது.

ராசாத்தி அக்காவின் கால் போனதில் இருந்து தொடங்கியது எல்லாம். அந்தக் கோடைப் போட்டியில் அவ மத்தியானம் முழுக்க மரநிழலில் கதிரையில் இருந்தா. ஆட்டிறைச்சி ரோல்ஸ் தின்றா, ஊர்க்கதை கதைத்தா. மைக்கில் கலியாணம் கட்டின பெண்களின் ஓட்டம் என்று கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினா. பாதி வழியில் நின்று திரும்பி, “ஆரடி என்ரை குதியிலை உதைச்சது?” என்று கத்தினா. பின்னால் ஒருவரும் இல்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்காமல் ஓடிப்போய் அவவின் காலைப் பிடித்தாய். குதிக்கு மேலே இருக்கிற நரம்பு அறுந்து போயிருந்தது.

அவவைப் பிசியோதெரபிக்குக் காரில் கொண்டுபோய் வந்தவள் நீ. வெளியில் இருக்காமல் உள்ளே போய், கேள்வி கேட்டுக் கேட்டு அந்தப் பிசியோப் பெட்டையைக் களைக்க வைத்தாய். அடுத்த வருடம் நாங்கள் கயிறிழுக்கப் போனபோது வழியை மறித்துக்கொண்டு நின்றாய். ஊரை விட்டு வந்து எத்தனை காலம்! இந்தக் கனடாவில், ஸ்காபரோவில் ஒரே கட்டிடத்தில் ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிற சனம், கயிறு என்று வந்தால் மட்டும் ஊரின் கிழக்கு வட்டாரம், மேற்கு வட்டாரம். நாங்கள் கிழக்கு.

“கயிறு பிறகு. முதல் மைதானத்தைச் சுத்தி நடவுங்கோ,” என்றாய்.

மேற்குப் பக்கத்தில் பவானி கை தட்டிச் சிரித்தாள். “என்ன கிளி, கயிறு இழுக்க வந்தனீங்களோ, கோயில் சுத்த வந்தனீங்களோ?”

“சுத்திப்போட்டு வந்துதான் உன்னை இழுக்கப்போறன். நில்லடி அங்கை!”

நடக்க வைத்தாய். முழங்காலைத் தூக்க வைத்தாய். கையைப் பெரிதாகச் சுழற்றி, பாதி குந்தி எழும்ப வைத்தாய். நான் கெட்டிக்காரி மாதிரி வந்த உடனேயே குனிந்து, பெருவிரலைப் பிடித்துத் துள்ளித் துள்ளிக் காலை நீட்டினேன். முதுகில் ஒரு தட்டுத் தட்டினாய்.

“துள்ளாதை! முதல் சூடு, பிறகுதான் நீட்டுறது. இழுக்கிற மாதிரி இருக்கலாம், நோகக்கூடாது. மைனஸ் இருபது குளிரிலை ஸ்டார்ட் பண்ணின காரை உடனை ஹைவேயிலை விடுவியோ? உடம்புக்கு முதல் சொல்லவேணும், நான் உனக்கு வேலை தரப்போறன் எண்டு.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் உன் சத்தம்தான்.

போன குளிர்காலம் அந்த விடியக்காலமை வந்தது. இரவு முழுக்கக் கொட்டின ஸ்நோ. வீதி வழிக்கிற வண்டி வந்து, நீ பிறகு குடிபோன பிக்கரிங் வீட்டு வாசலை இறுகின ஸ்நோவால் அடைத்துவிட்டுப் போயிருந்தது. உன் மகள் ஆரணி வேலைக்குப் பிந்திவிட்டாள். அவளுடைய காரை வெளியே விட நீ ஸ்நோ அள்ளுகிற சவளைத் தூக்கிக்கொண்டு வெளியில் போனாய். அவள் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து பார்க்க நீ விழுந்து கிடந்தாய். இதயம் முன்னமே பழுது, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். அந்த ‘எப்போது வேண்டுமானாலும்’ எங்களில் ஒருவருக்கும் ஆறுதல் தரவில்லை.

இந்தக் கோடை பெண்களின் கயிறிழுத்தலுக்கு உன் பெயரில் கிண்ணம் வைத்தார்கள். நீ நின்ற கயிற்று நுனியில் ஆரணி நிற்பதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு முழங்கால் சரியில்லை. உன் பையைத் தூக்குகிற வேலை மட்டும்தான். பிக்கரிங்கில் இருந்து வருகிற ஹைவே அன்றைக்கு அசையவில்லை. எங்கள் ஆட்கள் அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு கதிரைகளில் இருந்தபடியே தின்றுகொண்டிருந்தார்கள். மைக்கில், போட்டி நடத்துகிற சிவம் அண்ணையின் குரல். “கடைசி அழைப்பு! கிழக்கு வராவிட்டால் கிண்ணம் மேற்குக்கு!”

அப்போதுதான் ஆரணி கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கும்போதே விறைத்த இடுப்பில் கை வைத்ததைக் கண்டேன். அப்படியே ஓடிவந்து கயிற்று நுனியைத் தூக்கினாள். மற்றவர்களும் கதிரையால் எழும்பி ஓடிவந்து பிடித்தார்கள். சிவம் அண்ணை விசிலை வாயில் வைத்தார். எனக்குள் என்ன வந்ததோ தெரியாது. போய்க் கயிற்றின் மேல் ஏறி நின்றேன்.

“அக்கா, காலை எடுங்கோ.”

“எங்கடை ஆக்கள் இன்னும் நடந்து சூடாகேல்லை, அண்ணை.”

“நேரம் முடிஞ்சுது. எடுங்கோ எண்டு சொல்லுறன்.”

“கிளி போயும் உந்தக் கோயில் சுத்தல் நிக்கேல்லையோ?” என்று பவானி தொடங்கினாள். ஆரணியின் முகத்தைக் கண்டதும் வாயை மூடினாள்.

“அன்ரி, பிளீஸ், மூவ்! இது அம்மான்ரை கப்.” அவள் கண் நிறைந்திருந்தது.

நான் காலை எடுக்கவில்லை, கிளி. “அண்ணை, முதல் இழுவையை மேற்குக்குக் குடுங்கோ. மற்ற ரெண்டுக்கும் வாறம்.”

சனம் கூக்காட்டியது. “விசரே அக்கா உங்களுக்கு?” என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். ஆனாலும் நடந்தார்கள். ஆரணி என்னைப் பார்க்காமல் முன்னுக்குப் போனாள். நான் பின்னால் நொண்டிக்கொண்டு, நீ சொன்னதெல்லாம் சொன்னேன். முழங்கால். கை. தோள். துள்ளாதை. போகப் போக அவள் கை இடுப்பை விட்டு விலகியது. நெற்றியில் வியர்வை வந்தது. ஆறவிடாமல் நேரே கயிற்றுக்குக் கொண்டுவந்தேன்.

இரண்டாவதை வென்றோம். மூன்றாவதில் கயிறு இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. எல்லாரும் நடுவில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார்கள். நான் ஆரணியின் குதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். புல்லைக் கிழித்துக்கொண்டு அது மெல்ல மெல்ல முன்னுக்கு இழுபட்டது. பிறகு ஒரேயடியாகப் போனது.

கிண்ணம் பவானி வீட்டில் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் ஒரு சுளுக்கும் இல்லை. மேற்கிலும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ரோல்ஸைத் தின்றுவிட்டு நேரே வந்து இழுத்தார்கள், சிரித்துக்கொண்டு போனார்கள். அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். நடக்காத ஒன்றை நான் ஆருக்கு எப்படிக் காட்டுவது?

ஆரணி கார் நிறுத்துகிற இடத்துக்கு என் பின்னால் வந்தாள். உன் போத்தலை எடுத்து அவள் தோளில் எண்ணெய் பூசினேன். நான் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

“அன்ரி, அம்மா அண்டைக்குச் சவளைத் தூக்க முதல் கையைக் காலை ஆட்டியிருப்பாவோ? இல்லாட்டி, எனக்கு லேற் எண்டு அப்பிடியே ஓடியிருப்பாவோ?”

திருகினதைப் பாதியில் விட்டேன். போத்தலைப் பைக்குள் போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். மூடி அரைகுறையாய்ப் போனது அதனால்தான்.

ஒவ்வொரு காலையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தோளைச் சுழற்றுகிறேன். வேலை தரப்போகிறேன் என்று உடம்புக்குச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறேன். அது எனக்கு இலேசு. ஆரணிக்குச் சொல்லத்தான் ஒன்றும் இல்லை. செய்தாய் என்று சொன்னால், செய்தும் அம்மா போய்விட்டா என்று அழுவாள். செய்யவில்லை என்று சொன்னால், தன்னால்தான் என்று அழுவாள். எனக்கும் தெரியாது. பார்த்தது அந்த ஸ்நோவும் நீயும்தான்.

கிளி, அன்று காலமை உன் உடம்புக்கு நீ சொன்னியோ?