பத்து மணிக்குத் திறக்கும் கதவு

என் கையிலிருந்து பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். ஈரம் காயாத கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றதால் ஒட்டியது. நம் பிள்ளைகளுக்காக நீ கேட்ட கட்டடத்தின் கதவுதான். இன்று காலை திறந்துவைத்தார்கள். பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் சால்வை போர்த்தினார்கள். சுவரில் யானை, கிளி, பலூன் எல்லாம் வரைந்திருக்கிறார்கள். கதவுக்கு மேலே ஒரு பலகை. காலை பத்து மணி முதல் மாலை மூன்று மணி வரை என்று அதில் எழுதியிருக்கிறது.

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாம் உப்புப் பாத்தியில் இறங்குவது விடியற்காலை நாலு மணிக்கு. பத்து மணிக்கு வெயில் தலைக்கு ஏறி, வாரிய உப்பு அம்பாரமாகிவிடும். மூன்று மணிக்கு ஷெட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருப்போம். யாருடைய பிள்ளைகளுக்காக அந்தக் கதவு?

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. உனக்குப் படிக்கத் தெரியாது. நம் கூட்டத்தில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், நீ சொல்லச் சொல்ல மனு எழுதுவேன். ஆபீசுக்குப் போகிற காகிதம் என்று 'பணிவுடன்' என்ற வார்த்தையை நடுவில் சேர்ப்பேன். வாசித்துக் காட்டும்போது, "இன்னாத்துக்குடி பணிவு?" என்று கேட்பாய். இந்தக் கடிதத்தில் அது கிடையாது.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் நீ. அங்கே வயல் வேலை, இங்கே கண் கூசும் வெள்ளைத் தரை. பலகையால் நீ வாரினாய், கூடையில் நான் சுமந்தேன். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பாய். மற்ற பெண்கள் மறைவில் அதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது நீயாகவே சொன்னாய். ஆறு வயதிலிருந்து தம்பிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு கோணிப்போனது என்று. பள்ளிக்கூட வாசல் வரை போவாயாம். இடுப்பில் பிள்ளையோடு உள்ளே வராதே என்று திருப்பி அனுப்புவார்களாம். சொல்லும்போது நீ அழவில்லை. கூழில் கிடந்த மிளகாயை எடுத்துக் கடித்தாய்.

உனக்குப் பிள்ளை இல்லை. பிற்பாடு நீ ஓடியாடிப் பேசியபோதெல்லாம், பெறாதவளுக்கு எதற்கு இந்த அக்கறை என்று கேட்டார்கள். ஆபீசில் கேட்டார்கள், ஊரில் கேட்டார்கள், உன் மாமியாரும் கேட்டாள். "பெத்தாத்தான் பாக்கணுமா? பசிச்ச புள்ள யாருதுன்னு பாத்தா அழுது?" என்று ஒரே பதில்தான் சொன்னாய்.

எல்லாம் மல்லிகாவின் மகள் தேவியிலிருந்து ஆரம்பித்தது. மல்லிகா என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன், இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் இருந்தது. தேவிக்கு எட்டு வயது. தம்பி பிறந்ததும் மூன்றாம் வகுப்போடு நிறுத்தி வீட்டில் விட்டுவிட்டாள். பிள்ளையைப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? சுனாமி வந்த வருஷத்துக் கோடை அது. பால் குடிக்க அழுத தம்பியைத் தூக்கிக்கொண்டு தேவி தாயைத் தேடி உப்பளத்துக்கு வந்திருக்கிறாள். வரப்பில் வழுக்கி, உவர்நீர் தேக்கிவைத்திருந்த குழியில் விழுந்துவிட்டாள்.

நீதான் முதலில் பார்த்தாய். உதட்டு மட்டத்துக்குத் தண்ணீர். இரண்டு கையாலும் தம்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். கத்தவில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். நீ பலகையை வீசிவிட்டுக் குதித்தாய். கரைக்கு இழுத்துப் போட்டபோது அவள் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. தாய் ஓடி வருவதைப் பார்த்ததும் அடிக்கப் போகிறாள் என்று பயந்து, "தம்பிக்கு ஒண்ணும் ஆவல மா" என்றாள்.

மேஸ்திரி வந்தார். பிள்ளைகளை இங்கே வரவிடக் கூடாது, வந்தால் தாய்க்கு வேலை கிடையாது என்றார். மல்லிகாவை அன்றே வீட்டுக்குப் போகச் சொன்னார். சுற்றி நின்றவர்களும், இவளெல்லாம் ஒரு தாயா என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நீ ஈரப் புடவையோடு எழுந்து நின்று மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டாய்.

"அவ ஊட்டுல இருந்தா கஞ்சிக்கு நீங்க குடுப்பீங்களா? வேலைக்கு வந்தா புள்ளைய நீங்க பாப்பீங்களா? ரெண்டும் இல்லன்னா அவள இன்னாத்துக்குத் திட்றீங்க?"

அடுத்த வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாய்.

பால்வாடிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அம்மா நல்லவிதமாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார். பால்வாடி பத்து மணிக்குத்தான் திறக்கும், நேரத்தை மாற்றச் சட்டத்தில் இடமில்லை என்றார். நீங்கள் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டார். நீ சொன்னாய்: "சூரியன்கிட்ட சொல்லுங்க மேடம். பத்து மணிக்கு மேல வரச் சொல்லுங்க. நாங்க மாத்திக்கறோம்."

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. பாத்தி எல்லாம் சேறு. பல மாதம் வேலை இல்லை. கடற்கரைச் சாலையில் வண்டி வண்டியாக உதவி போயிற்று. நம் தெருவில் நின்ற வண்டிகளும், படகு போச்சா, வலை போச்சா என்று கேட்டுவிட்டுப் போயின. போனது உப்பு. அதற்கு அவர்களிடம் கணக்கு இல்லை. கடைசியில் ஒரு சங்கத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அடுப்பு கேட்டவர்கள் உண்டு, பாய் கேட்டவர்கள் உண்டு. விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் அங்கேயே இருந்து படிக்க வேண்டும் என்று நீ கேட்டாய். சும்மா வேண்டாம், எங்களால் முடிந்ததைக் கொடுக்கிறோம் என்றும் சொன்னாய். பாண்டிச்சேரியில் அப்படி ஒன்று நன்றாக நடக்கிறது என்று அவர்களில் ஒரு பெண் சொன்னாள். அங்கே ஒரு பிள்ளைக்குக் கட்டணம் நம் மாதக் கூலியைவிட அதிகம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. பிரித்தால் பொம்மை. மஞ்சள் முடி வைத்த பொம்மைகள். பிள்ளையைப் பார்க்க ஆள் கேட்டால் பிள்ளை பார்த்துக்கொள்ளப் பொம்மை கொடுத்தார்கள். அன்று நீ சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை.

அதற்கப்புறம் நீ யாருக்கும் காத்திருக்கவில்லை. பாத்தி சரியாகி வேலை ஆரம்பித்ததும், உப்பு ஷெட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டாய். முறை வைத்து நம்மில் இரண்டு பேர் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், அவர்கள் கூலியை மற்றவர்கள் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். முணுமுணுத்தவர்களும் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். தேவி மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் பெரிய பிள்ளைகள் பையோடு நேராகக் கொட்டகைக்கு வந்துவிடும். நீ மூட்டை கட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து, "எனக்குப் படிச்சிக் காட்டுங்கடா, நானும் ரெண்டு எழுத்து கத்துக்கறேன்" என்று நடுவில் உட்காருவாய். உண்மையிலேயே கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாய். 'அ' போட வந்துவிட்டது. 'ஆ'வில் சுழி எந்தப் பக்கம் என்பதில் கடைசிவரை சந்தேகம்.

ஆடி மாதம் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். உப்பளக் குத்தகைக்காரருடைய இடமாம், ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கீற்றை உருவினார்கள். வெயில் முகத்தில் விழுந்து அவை எழுந்து உட்கார்ந்து விழித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மறுநாள் நாம் யாரும் பாத்தியில் இறங்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மொத்தமாகத் திண்டிவனம் போனோம். அதே ஆபீஸ். நீ முன்னால் போய் எல்லாப் பிள்ளைகளையும் மேசைகளுக்கு நடுவே உட்காரவைத்தாய். "நாங்க வேலைக்குப் போறோம் மேடம். சாயங்காலம் வந்து கூட்டிக்கறோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். நாங்களும் வந்துவிட்டோம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரம் நின்றோம். மல்லிகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அழுகைச் சத்தம் ஒவ்வொன்றாகக் கூடியது. கொஞ்ச நேரத்தில் அதிகாரி அம்மா ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையில் ஈரத்தோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்னம்மா இது? இப்படி விட்டுட்டுப் போனா, யாராவது விழுந்து கிழுந்து வெச்சா என்ன பண்றது?"

நீ சாலையைத் தாண்டிப் போய் அந்தப் பிள்ளையை வாங்கிக்கொண்டாய். "அதத்தான் மேடம் போன வருஷத்துலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாய்.

கட்டடம் தருகிறோம் என்று அன்றுதான் வாய் திறந்து சொன்னார்கள். இடம் பார்க்க வந்தார்கள், அளந்தார்கள், போனார்கள். அளந்த இடத்தில் முள்செடி வளர்ந்தது. கொட்டகை இல்லாததால், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் தாயைத் தேடி ஈ.சி.ஆர். ரோட்டைத் தாண்டி வரத் தொடங்கின. பாண்டிச்சேரிக்குப் பறக்கிற கார்களுக்கு நடுவே. நீ மேஸ்திரியிடம் சண்டை போட்டு, கூலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தினமும் அந்த நேரத்துக்கு ரோட்டோரம் போய் நின்றாய். கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திக் கூட்டி வருவாய்.

மாசி மாதத்தில் ஒரு கார் நிற்கவில்லை. பிள்ளைகளை இந்தப் பக்கம் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் தங்கிப்போன சின்னவனைக் கூட்டிவரத் திரும்பியிருக்கிறாய். நாங்கள் ஓடி வந்தபோது நீ இல்லை. அஜாக்கிரதையாகச் சாலையைக் கடந்த பெண் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். அஜாக்கிரதை! ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையைப் பிடித்துக் கடத்திவிட்ட உன்னையா? கொட்டகையைப் பிரித்த குத்தகைக்காரர் பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு வந்தார். அதை உன் மேல் போட விடாமல் நான் தடுத்தேன். என்னைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

நீ செத்த பிறகு கட்டடம் வேகமாக எழும்பியது. இன்று மேடையில் யார் யாருக்கோ நன்றி சொன்னார்கள். உன் பெயரைச் சொல்லவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், நீ பெயருக்கு அலைந்தவள் இல்லை. பலகையைத்தான் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தில் வாயே திறக்காதவள் நான், உனக்குத் தெரியும். இன்று எழுந்து போய் அந்தக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். விடியற்காலை நாலு மணிக்கு யார் திறப்பார்கள், மூன்று மணிக்கு மேல் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். எல்லாம் படிப்படியாக நடக்கும், நன்றியோடு இருங்கள் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அதிகாரி அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் ஒரு சலுகை கொடுத்தார்கள். விடியற்காலையில் வேண்டுமானால் பிள்ளைகளை வராந்தாவில் விட்டுக்கொள்ளலாம், ஏதாவது ஆனால் பொறுப்பு தாய்களுடையதாம். யானையும் கிளியும் பூட்டிய அறைக்குள்ளே இருக்கும், பிள்ளைகள் வெளியே சிமென்டில் கிடக்கும்.

மல்லிகா என் பக்கத்தில் வந்து நின்றாள். தேவியும் வந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக எல்லோரும். யாரும் கத்தவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒருத்தியும் பாத்தியில் கால் வைக்கப் போவதில்லை என்று நான் சொன்னேன். அந்தப் பலகையில் நேரம் மாறும்வரை. மேடையில் இருந்த குத்தகைக்காரர் வானத்தைப் பார்த்தார். மழை மாதம் பக்கத்தில் வந்துவிட்டது. வாராத உப்பு ஒரே மழையில் கரைந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கூலி இல்லாமல் எத்தனை நாள் தாங்குவோம் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

நீ போனபோது எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆறு, ஆறு என்றார்கள். நான் ஆறவில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதைச் சூடு குறையாமல் வைத்திருக்கிறேன்.