ஏழாம் பக்கத்துக் கிளி

அரக்கோணம் ஆஸ்பத்திரி,
வியாழக்கிழமை

அன்புள்ள புஷ்பலதாவுக்கு,

கோயம்புத்தூரில் நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகமாக இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே உடைந்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். முதலில் ஒரு காரியம் செய். நம் கிளிக் கதைப் புத்தகத்துக்கு நான் இதுவரை கொடுத்த பக்கங்களை அச்சுக்கு அனுப்பாதே. அனுப்பியிருந்தால் நிறுத்து. ஏழாம் பக்கம் வெளியே போகவே கூடாது.

என் துர்காவுக்கு இன்றோடு ஒன்பது நாள் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். ஐந்து வயசுப் பிள்ளை, புஷ்பா. ஊசி குத்தக் கையில் இடமில்லை.

படத்துக்கு மாதிரியாக ஒரு கிளி கிடைத்தது என்று உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேனே, அது திருத்தணியில் மலைப் படியில் கிடந்தது. இறகைப் பஞ்சு மாதிரி உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூங்குமூஞ்சிக் கிளி, என்ன அழகு என்று கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினைந்து வருஷமாகக் குழந்தைகளுக்குப் பறவை வரைகிறேன், சீக்குப் பிடித்த பறவைதான் அப்படி உட்காரும் என்று எனக்குத் தெரியவில்லை. என் கண் அவிந்தா போயிற்று? ஆறு நாள் பக்கத்தில் வைத்து வரைந்தேன். அசையாமல் இருக்கிறதே, வசதி என்று சந்தோஷம் வேறு பட்டேன்.

ஏழாம் பக்கத்துக்கு 'பாப்பா கிளிக்கு ஊட்டினாள்' என்று மட்டும்தான் நீ எழுதினாய். வேர்க்கடலையை மென்று உதட்டில் வைத்து ஊட்டுவதாக வரைந்தது நான். அதற்குத் துர்காவையே கிளி முன்னால் உட்காரவைத்து, இன்னும் கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ என்றேன். ஏழாம் நாள் கிளி செத்தது. பறந்துபோய்விட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

இரண்டாவது பொய்தான் பெரிசு. சேர்த்த அன்றே டாக்டர் சாய்லக்ஷ்மி, வீட்டில் பறவை ஏதாவது உண்டா என்று கேட்டார். காட்டுக் கிளியை வீட்டில் வைப்பது குற்றம். போன வருஷம் மார்க்கெட்டில் கிளி விற்றவனை வனத்துறைக்காரர்கள் பிடித்துப் போனதை நேரில் பார்த்தவள் நான். இல்லை என்றுவிட்டேன். நாலு நாள் வேலை செய்யாத மருந்து ஏறியது. நேற்று பிள்ளையின் உதடு நீலமானதும் டாக்டர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீக்குக் கிளியிடம் இருக்கும் ஒரு பாக்டீரியா மூச்சு வழியாக மனிதர் நெஞ்சில் இறங்கிவிடுமாம். மருந்தை உடனே மாற்றினார். இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்.

என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நாலு நாளா எம்பக்கத்துலயே குந்திகினு இருந்தியே, டாக்டர் கேட்டத எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?" அவர்மேல் தப்பில்லை.

இன்று காலை துர்கா கண் திறந்தாள். "கிளி திரும்பி வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். ஆங், வந்துகினு இருக்குது என்றேன். இன்னொரு பொய்.

கடைசிப் பக்கம் எங்கே என்று கேட்டிருந்தாய். கிளி மலைமேல் பறக்கிறது, பாப்பா எழுந்து நின்று கையாட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். மலையையும் கிளியையும் போன மாதமே முடித்துவிட்டேன். பாப்பா நிற்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. துர்கா எழுந்து நின்றதும் அவளைப் பார்த்துத்தான் வரைவேன். வேறு பிள்ளையை வைத்து வரையச் சொல்லாதே. வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே. தணிகை மலையானை வேண்டிக்கொண்டு, அந்த இடத்தை அவளுக்காக விட்டு வை.

உன்,
ரஞ்சிதம்