ப்யூரெட்டும் என் வலது கண்ணும்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் தப்பு. என் மேசைக் கூட்டாளி, நான் வாயாடி என்று கூப்பிடுகிறவள், அவளுக்கு 22.4, 22.4, 22.5 மில்லி. எனக்கு 23.1, 22.2, 23.4. ஒரே அமிலம், ஒரே காரம், ஒரே மேசை. மேடம் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "என்னம்மா இது, லாட்டரி நம்பரா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

பதினேழு வருஷமாக பெயின்ட் கம்பெனியின் சோதனை அறையில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாய், ப்யூரெட், எத்தனை என் கையால் பளபளத்திருக்கும்! அதில் உள்ள கோட்டைப் படிக்க மட்டும் வரவில்லை. இந்த மாலை வகுப்பில் தேறினால் சோதனையாளர் வேலை என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். காலி இடம் இரண்டு. பேக்கிங்கில் இருக்கும் வாயாடிக்கு ஒன்று நிச்சயம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு நாற்பத்து மூன்று.

மார்ச் 6

"என் ரீடிங்கையே எழுதிக்கோங்கக்கா, யார் கேக்கப் போறா?" என்றாள் வாயாடி. பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். நேர்மை என்றெல்லாம் இல்லை. தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மார்ச் 13, வியாழன்

இன்று பரிசோதனையை எப்படித் திட்டமிடுவது என்று பாடம். மேடம் சொன்னது: "ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்தினீங்கன்னா எது குத்தவாளின்னு கடைசி வரைக்கும் தெரியாது."

வகுப்பு முடிந்து வாயாடியை நிறுத்திக்கொண்டேன். முதலில் ப்யூரெட்டை மாற்றினேன். தப்பு. நாற்காலியை ஏற்றி, நீர்மட்டத்துக்கு நேராகக் கண் இருக்கிற மாதிரி உட்கார்ந்தேன். தப்பு. பின்னால் வெள்ளைத் தாள் பிடிக்கச் சொன்னேன். அதுவும் தப்பு. அப்புறம் அமிலமே வேண்டாம் என்று ப்யூரெட்டில் வெறும் தண்ணீர் நிரப்பிக் குழாயை மூடினோம். ஒரே மட்டம், பத்து முறை படித்தேன். அவள் என் பதிலை எனக்குக் காட்டாமல் எழுதினாள். பத்தும் பத்து திசையில் இருந்தன.

"கை இல்லக்கா. கையே இதுல வேலை செய்யலயே," என்றாள்.

பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பத்து. வலது கண்ணை மூடிக்கொண்டு பத்து.

இடது கண்ணால் படித்தது பத்தும் சரி.

மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றிவிட்டேன். மிச்சம் நின்றது நான்தான். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் பரிசோதனை.

மார்ச் 24

கண் டாக்டர் கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டினார். வலது கண்ணில் நடுக்கட்டங்கள் இல்லை. அந்த இடத்தில் சாம்பல் அப்பியிருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தபோது இத்தனை நாள் இது எனக்கே தெரியவில்லை என்றால் — என்ன பிறவி நான்?

"விழித்திரையோட நடுப்பகுதி கெட்டுக்கிட்டு வருது. முழுக் குருடா ஆக மாட்டீங்க. ஓரத்துல தெரியும். எழுத்து, முகம், இதெல்லாம் கஷ்டம்."

"இடது கண்ணு?"

"அதுலயும் ஆரம்பிச்சிருக்கு. ஒரு வருஷம் தாங்கலாம். முன்னாடியும் போகலாம்."

மருந்து இல்லை என்பதை மட்டும் என்னைப் பார்க்காமல், கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், இவரைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 25

இவர் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரே சட்டையை மூன்று முறை பிரித்துத் தைத்தார். "வேற டாக்டரைப் பாக்கலாம்," என்றார். சரி என்றேன்.

ஏப்ரல் 3

வேறு டாக்டர். அதே பதில்.

ஏப்ரல் 9, புதன்

செய்முறைத் தேர்வு. பாதுகாப்புக் கண்ணாடியின் வலது பக்கம் உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டு போனேன். 18.6, 18.6, 18.7.

மேடம் தோளில் தட்டினார். பதினேழு வருஷத்தில் அந்த மாதிரி யாரும் என்னைத் தட்டியதில்லை. கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் கையை எடுத்திருப்பார்.

மே 2

எனக்கும் வாயாடிக்கும் சோதனையாளர் வேலை, வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். என்னுடையது கொஞ்சம் பெரிசு. இவர் தோளைப் பிடித்துத் தைத்தார்.

மே 27

லேபிளின் நடுவெழுத்து விழுங்கப்படுகிறது. தலையைச் சாய்த்துப் படிக்கிறேன். "கழுத்து வலியாக்கா?" என்றாள் வாயாடி. ஆமாம் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

எப்படியும் எழுதிவிடுகிறேன்.

கழிவு ஊற்றும் கேன் இரண்டு. ஒன்று அமிலக் கழிவு, மற்றது ப்ளீச் கழிவு. கழுவுகிற காலத்திலிருந்தே தெரியும், இது இரண்டும் சேரவே கூடாது, விஷவாயு வரும். காலையில் யாரோ இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். லேபிள் இருந்தது. படித்தேன் என்றுதான் நினைத்தேன். அமிலத்தை ப்ளீச்சில் ஊற்றிவிட்டேன்.

புகை மாதிரி மஞ்சள் பச்சையாக ஒன்று எழுந்தது. நான் பின்னால் நகர்ந்தேன், வாயாடி முன்னால் வந்தாள் — என்னை இழுக்க. என்னைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் இருமவே ஆரம்பித்தாள். இருமல் நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

நான்தான்டி. நான்தான் பண்ணேன். மூணு மாசமாத் தெரிஞ்சுக்கிட்டே பண்ணேன்.

ஜூன் 14

ஆஸ்பத்திரி. பேசக் குரல் இல்லை அவளுக்கு. வாயாடிக்குக் குரல் இல்லை! தாளில் எழுதிக் காட்டினாள். என்னால் படிக்க முடியவில்லை. அவள் அம்மா படித்தார்: "நான் தப்பா ஊத்தினேன்னு ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். நீங்க வாயத் திறக்காதீங்க."

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. முகம் இருந்த இடம் சாம்பல்.

ஜூன் 16, திங்கள்

பாதுகாப்பு அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண், டாக்டர், கறுப்புத் தாள், எல்லாம். அவர் எழுதிக்கொண்டே, "தேர்வுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்."

"வீட்ல கஷ்டமா?"

"இல்ல சார். ஆசை."

எழுதுவதை நிறுத்தினார். பிறகு அதையும் எழுதினார்.

ஜூன் 20

சோதனையாளர் வேலை போயிற்று. கழுவுகிற வேலையும் தர மாட்டார்கள், அங்கேயும் அமிலம் இருக்கிறது. நியாயம்தான். கோட்டைத் துவைத்து, தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 19

இடது கண்ணின் நடுவும் முழுசாகப் போய்விட்டது. டாக்டர் சொன்ன ஒரு வருஷம், ஐந்தே மாதத்தில் முடிந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

வாயாடி வந்தாள். குரல் திரும்பிவிட்டது, கொஞ்சம் கரகரப்பு. மூச்சு வாங்குவதால் மாடிப்படி ஏற முடியவில்லையாம். அவளைச் சோதனை அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். என் மேல் கோபமா என்று கேட்டேன். "கொஞ்ச நாள் இருந்துச்சுக்கா," என்றாள். இப்போது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வரி மேலே ஏறிப் போகிறது என்கிறாள். எனக்கு நேராகத்தான் தெரிகிறது.