கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில்

மார்ச் 4, செவ்வாய்

இன்று இன்சூரன்ஸ் சர்வே எதுவும் இல்லை. சர்வேயர் சரிபார்த்துச் சொல்வார் என்று லாரிக்காரர்கள் கொண்டுவந்த மூன்று ரிப்பேர் பில் பார்த்தேன். ஒன்றில் செய்யாத வேலைக்குக் கூலி; கேரேஜுக்குப் போன் செய்து அதை நீக்க வைத்தேன். இன்னொன்றில் தப்பே இல்லை. அதில் லாரிக்காரருக்குத்தான் வருத்தம்.

மூன்றாவது ஹனூரிலிருந்து வந்த கெம்பையனுடையது. ஜனவரியில் முன்பக்கம் அடிபட்ட லாரி. புது ரேடியேட்டர் போட்டதாகத் தருண்குமார் கேரேஜின் பில், முப்பத்தாறாயிரம். பாதி இன்சூரன்ஸ், பாதி இவர். மாதேஸ்வரன் மலை ஏறினால் பாதி வழியிலேயே கொதிக்கிறதாம். "ஈரோட்டுக்கு மஞ்சள் லோடு திங்கக்கிழமை ஆரம்பங்க சார். வண்டி நின்னா வேற ஆளுக்குப் போயிருமுங்க."

மார்ச் 5

தருண்குமார் கேரேஜில் லாரியின் கேபினைத் தூக்கிப் பார்த்தோம். ரேடியேட்டரில் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். அதற்கடியில் மூன்று கோடுகள் தடித்துத் தெரிந்தன. கெம்பையனின் மனைவி மாரக்காள் மூன்று விரலை வைத்துப் பார்த்தார். "ஆயுத பூசைக்கு நான் போட்ட துண்ணூறுங்க இது."

எந்தக் கம்பெனியும் விபூதி பூசி அனுப்புவதில்லை. பழையதற்கே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தருண்குமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஃபைலைத் திறந்து காட்டினார். புது ரேடியேட்டர் பொருத்தியதை நேரில் பார்த்ததாகச் சர்வேயரின் சான்று. அடியில் என் கையெழுத்து.

மார்ச் 6

மாதம் நாற்பது வண்டி; எது எதென்று நினைவிருப்பதில்லை. இதை வாட்ஸப் போட்டோவில் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேரில் பார்த்தேன் என்று எழுதியது பொய் — வேறென்ன பெயர் வைப்பது?

அந்தச் சான்று இருக்கும்வரை கெம்பையனுக்கு நியாயம் கிடைக்காது. வாபஸ் வாங்கினால் என் வேலை போகும். என் மனைவி கனகலக்ஷ்மி சொல்கிறாள்: "சும்னே எதுக்கு வம்பு? கைக்காசு போட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்கோ. யாருக்குத் தெரியப்போறது?" மத்தியானம் முழுக்க அதையும் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 7

சான்றை வாபஸ் வாங்குவதாக இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் கொடுத்தேன். நகல் தருண்குமாருக்கு.

கெம்பையனை வீட்டுக்கு வரச்சொல்லி எல்லாம் சொன்னேன். "அப்ப அது நீங்கதானுங்களா?" என்றார். அவ்வளவுதான். காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

மார்ச் 9

என் கடிதத்தைப் பார்த்ததும் தருண்குமார் புது ரேடியேட்டர் போட்டுக் கொடுத்துவிட்டார். வேலை முடியும்வரை மாரக்காள் அங்கேயே நின்றாராம். மெக்கானிக் சொன்னார். கெம்பையனிடமிருந்து போன் இல்லை.

மார்ச் 28

இன்சூரன்ஸ் கம்பெனி என்னைச் சர்வேயர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 15

கெம்பையன் கூப்பிட்டார். பிரேக் வேலைக்கு வேறொரு கேரேஜில் எஸ்டிமேட் வாங்கியிருக்கிறாராம், வந்து பார்க்கவேண்டுமாம்.

"என் கையெழுத்துக்கு இப்போ மதிப்பில்லையே" என்றேன்.

"கையெழுத்து ஆருக்கு வேணுங்க? நீங்க வந்து கண்ணால பாருங்க, போதும்."

வருகிறேன் என்றேன்.