விமான மியூசியத்துக்கு வர்ற ஞாயித்துக்கிழமை

தங்கச்சிக்கு,

சாமி புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம். நீ போன் எடுக்க மாட்டேங்கிற, அதான் எழுதுறேன். போர் விமான மியூசியத்துக்கு மூணு தடவை நாள் குறிச்சாச்சு. வெயிலுன்னே, தலைவலின்னே, இப்ப தையல் வேலை குவிஞ்சு கிடக்காம். எனக்கு வாயில நல்லா வருது. சாமி படத்துக்கு முன்னால உட்கார்ந்து எழுதுறதால அடக்கிக்கிறேன்.

உன் மக என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? "பெரியம்மா, அப்பா முகமே ஞாபகமில்ல. அவர் ஓட்டின மாதிரி விமானத்துல ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கணும். அம்மாகிட்ட கேட்டா அழுவாங்க."

பத்து வயசுப் பிள்ளை உனக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கா.

வர்ற ஞாயித்துக்கிழமை கிளம்புறோம். நீ உள்ள வர வேண்டாம். வாசல்ல பெஞ்சு இருக்காம், விசாரிச்சுட்டேன். விமானத்துக்கு ஏணியில ஏறணுமாம். எனக்கு ஏணின்னாலே கால் நடுங்கும். இருந்தாலும் அவகூட நான் ஏறுறேன்.

கோபத்தோட,
உன் அக்கா