தேர்வு வரை நிற்குமா

மார்ச் 4, செவ்வாய்

அமெரிக்க வரலாற்றுத் தேர்வுக்குத் தேதி சொல்லிவிட்டார்கள். மே 12. முதல் குடியேற்றங்களிலிருந்து அரசியல் சட்டம் வரை மொத்தமும். வகுப்பு முடிந்ததும் மிஸ் டில்லெட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோரின், அரையாண்டுல கோட்டை விட்டாச்சு. இதுலயும் விட்டா அடுத்த வருஷமும் என் மூஞ்சியத்தான் பாக்கணும். சம்மதமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். அப்பா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். "இருநூறு வருஷத்தையா படிக்கணும்? அந்த இருநூறு வருஷமும் நம்மாளுங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? மீன் பொரிச்சாங்க. எழுதிட்டு வா." அம்மா சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது மரத்தூண்கள் மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு வரிசை வீடுகள் இருந்தனவாம். இப்போது நாங்கள்தான் முதல் வரிசை.

மார்ச் 13, வியாழன்

வகுப்புத் தோழி ஜோசியோடு படித்தேன். ரோனோக் குடியேற்றம், 1587. நூறு பேருக்கு மேல் வந்து இறங்குகிறார்கள். தலைவர் சாமான் வாங்கிவர இங்கிலாந்துக்குப் போகிறார். மகளையும் பிறந்து சில நாளே ஆன பேத்தியையும் விட்டுவிட்டுப் போகிறார். சீக்கிரம் வருகிறேன் என்றவர் மூன்று வருடம் கழித்துத்தான் வருகிறார். ஆள் யாரும் இல்லை. வீடுகளைப் பிரித்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஒரு கம்பத்தில் ஒரே ஒரு சொல் செதுக்கியிருக்கிறது. அது எங்கள் தீவின் பழைய பெயர்.

"அப்ப நம்ம வாசலுக்குத்தான் வந்திருக்காங்கடி. உங்கப்பா மீன் குடுத்திருப்பாரு," என்றாள் ஜோசி. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

போகும்போது சொன்னாள். அவர்கள் வீட்டை அப்படியே தூக்கி, பெரிய வண்டியில் ஏற்றி, ஊருக்குள் தள்ளி வைக்கப் போகிறார்களாம். "உங்க வீட்டை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

தெரியவில்லை. கேட்டதில்லை.

மார்ச் 21

வாசல் மரப்படிகளில் கடைசிப் படியைக் காணோம். நேற்று இருந்தது.

மார்ச் 29, சனி

சண்டை. தீவுக்கு வெளியே மான்டியோ ஊரில் இருக்கும் பெரியம்மா மாடியில் இரண்டு அறை தருகிறேன் என்கிறாள். அம்மா கேட்டது அவ்வளவுதான்: "கோடை வரைக்கும் போய் இருப்போமே, டேல்."

"போனா திரும்ப விடமாட்டாங்க."

"யாரு விடமாட்டா?"

"கடல்தான். காலி வீடுன்னா அதுக்குத் தெரியும், ரமோனா."

"பைத்தியக்காரன் மாதிரி பேசாதே."

"அங்க வந்தா நான் யாரு? உன் அக்கா வீட்டு மாடியில குடியிருக்கிறவன். இங்க நான் டேல் ஃபுல்ச்சர். எங்கப்பன் கட்டின வீட்டுல இருக்கேன்."

நான் ஜேம்ஸ்டவுன் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1609 குளிர்காலம், பஞ்சம், பெரும்பாலானவர்கள் செத்துப்போனார்கள். ஏன் அங்கிருந்து கிளம்பவில்லை என்று புத்தகத்தில் போடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அப்பாவுக்கு இன்று நல்ல மனநிலை. அவரே கேள்வி கேட்டார். "முத்திரை வரி எப்போ?" 1765. "தேயிலையை எங்க கொட்டினாங்க?" பாஸ்டன். "அடேங்கப்பா, எவ்வளவு மீன் செத்திருக்கும்!" அம்மாகூடச் சிரித்தாள்.

பென்சிலை மேசையில் வைத்தேன். தானாக உருண்டது, கடல் பக்கமாக. எடுத்து வைத்தேன். மறுபடி உருண்டது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய் ஒரு அட்டையை மடித்து மேசைக் காலுக்கு அடியில் சொருகினார். "பழைய மேசை," என்றார்.

மேசை பழசுதான். சாய்ந்தது மேசை இல்லை.

ஏப்ரல் 16, புதன்

பக்கத்து வீடு விழுந்துவிட்டது.

புயல் இல்லை, மழை இல்லை. நல்ல வெயில். பள்ளிப் பேருந்தை விட்டு இறங்கினேன், அந்த வீடு மண்டி போடுவதுபோல முன்னால் மடங்கி, ஒரு பெரிய அலைக்குள் உட்கார்ந்தது. சத்தம்கூட அதிகம் இல்லை. ஏதோ அட்டைப்பெட்டியை மிதித்த மாதிரி. வெளியூர்க்காரர்கள் வாடகைக்கு விடும் வீடு, உள்ளே ஆள் இல்லை. கடற்கரை முழுக்கப் பலகை, மெத்தை, யாருடையதோ ஒரு மஞ்சள் குடை.

அப்பா சாயங்காலம் முழுக்க நல்ல பலகைகளாகப் பொறுக்கினார். எங்கள் வீட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்க.

விழுந்த வீட்டுப் பலகையில் எங்கள் வீடு நிற்கிறது இப்போது.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுத வேண்டும். எழுதினால்தான் தூக்கம் வரும்.

அலை பின்வாங்கிய நேரத்தில் வீட்டுக்கு அடியில் போய்ப் பார்த்தேன். மூலைத்தூண் மணலைத் தொடவில்லை. அந்தரத்தில் தொங்குகிறது. கீழே என் கையை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினேன், எதுவும் தட்டுப்படவில்லை. தூண் வீட்டைத் தாங்கவில்லை, வீடுதான் தூணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்பாவிடம் ஓடினேன். வலை தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தெரியும்," என்றார்.

"எப்ப இருந்துப்பா?"

"மார்ச்சுலருந்து. அம்மாகிட்ட சொல்லாதே குட்டி."

மார்ச்! நாங்கள் மூன்று பேரும் அதன் மேல் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு... தெரிந்தே விட்டிருக்கிறார். எப்படி முடிந்தது அவரால்?

ஏப்ரல் 24

படிக்க முடியவில்லை. பதின்மூன்று குடியேற்றங்களின் பெயரை எழுதினேன், பதினொன்றுதான் வருகிறது. அம்மா அடுப்பருகில் நடக்கும்போதெல்லாம் அவள் காலையே பார்க்கிறேன். "என்னடி, செருப்பு நல்லாயிருக்கா?" என்று கேட்டாள்.

சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்பா வரமாட்டார். தனியாக இங்கேயே இருப்பார். அது இதைவிட மோசம் இல்லையா?

ஏப்ரல் 30, புதன்

பள்ளியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டேன். கட்டடங்களைப் பார்வையிடும் அலுவலகம். வீட்டு எண்ணையும் மூலைத்தூண் தொங்குவதையும் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு மிஸ் டில்லெட் வகுப்பில் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

மே 5, திங்கள்

வந்தார்கள். இரண்டு பேர். அடியில் குனிந்து பார்த்தார்கள், ஒருவர் மற்றவரைப் பார்த்தார். கதவில் சிவப்பு அட்டை ஒட்டினார்கள். யாரும் குடியிருக்கக் கூடாது. மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள்.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவர்கள் போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "எவனோ போட்டுக் குடுத்திருக்கான். எவன்னு தெரியட்டும், பல்லைக் கழட்டிடறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மே 8

மான்டியோ. பெரியம்மா வீட்டு மாடி. அப்பா வரவில்லை. வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன், சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். ஜோசியின் அம்மா சொன்னது வேறு. சாயங்காலமானால் எங்கள் ஜன்னலில் லாந்தர் வெளிச்சம் தெரிகிறதாம்.

மே 10, சனி

புயல் வருகிறது. நாளை மாலை நெடுஞ்சாலையை மூடிவிடுவார்களாம். தீவுப் பிள்ளைகளில் இந்தப் பக்கம் இருப்பவர்கள் மான்டியோ பள்ளியிலேயே தேர்வை எழுதலாம் என்று செய்தி வந்தது.

இன்று மறுபடி ரோனோக். முன்பு படிக்கும்போது கடைசிப் பத்தியைக் கவனிக்கவில்லை. அந்தத் தலைவர் மகளைத் தேடி எங்கள் தீவுக்குக் கிளம்புகிறார். புயல் அடிக்கிறது, நங்கூரக் கயிறு அறுந்துபோகிறது. கப்பலைத் திருப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் மகளையும் பேத்தியையும் பார்க்கவே இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

மதியம் வரை அப்பா வரவில்லை. கூப்பிட்டேன். பின்னால் கடல் சத்தம், அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார்.

"வரேன் வரேன். காத்து கொஞ்சம் அடங்கட்டும்."

"ரோட்டை மூடப் போறாங்கப்பா."

"நீ படி. நாளைக்குப் பரீட்சைய வெச்சுக்கிட்டு என்னைய என்ன கேட்டுட்டிருக்கே?"

சொல்லிவிட்டேன். "அப்பா, ஆபீசுக்கு ஃபோன் பண்ணது நான்தான்."

அவரைப் பேசவிடாமல் நானே தொடர்ந்தேன்.

"என் பல்லைக் கழட்டணும்னா நீ இங்க வந்துதான் கழட்டணும். அங்க உக்காந்துட்டுக் கழட்ட முடியாது. வாப்பா. தயவுசெஞ்சு வா."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நான் ஒன்பது முறை, அம்மா எத்தனை முறையோ. மாலையில் சாலையை மூடிவிட்டார்கள்.

மே 12, திங்கள்

எழுதினேன். முத்திரை வரி, தேயிலை, அரசியல் சட்டம் எல்லாம் எழுதினேன். ஐந்தாவது கேள்வி: ரோனோக் மக்கள் என்ன ஆனார்கள் என்று கருதுகிறாய், காரணங்களோடு எழுது. வீடுகளைத் தாங்களே பிரித்தார்கள், ஆகவே அவசரமாக ஓடவில்லை, யோசித்து முடிவெடுத்துக் கிளம்பினார்கள் என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. வெளியே கொடிமரக் கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

அப்பா இன்னும் எடுக்கவில்லை.

மே 13

வீடு போய்விட்டது. அதிகாலையில் போயிருக்கிறது. ஜோசி படம் அனுப்பினாள். இரண்டு தூண் மட்டும் நிற்கிறது.

அப்பாவைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அம்மா சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

அதே நாள், மாலை

வந்துவிட்டார்! சாலையைத் திறந்ததும் முதல் வண்டி அவருடையது. இரண்டு ராத்திரியும் ஊருக்குள் தேவாலயத்து மேட்டில் வண்டியிலேயே இருந்திருக்கிறார். ஃபோன் நனைந்துபோச்சாம். நேற்று முன்தினம் என்னோடு பேசி வைத்தபின் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டாராம். அம்மாவிடம் சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

மே 20

எழுபத்து நான்கு மதிப்பெண். தேறிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அம்மா கட்டிக்கொண்டாள். அப்பா சோளரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரமாக இப்படித்தான். காலையில் போகிறார், இருட்டுவதற்குள் வருகிறார், பூட்ஸ் முழுக்க மணல். எங்கே போகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.

மே 27, செவ்வாய்

காலையில் மழை. படி இறங்கினேன், அப்பா வண்டியை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தார். அவரைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். கண்ணாடியை இறக்கினார்.

"நீ ஃபோன் பண்ணியே, அந்த ஆபீஸ்ல. எடுத்தவன் உன்கிட்ட மரியாதையா பேசினானா?"

"பேசினாருப்பா," என்றேன்.

"ம்." பிறகு கையை நீட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்தார். இருக்கையில் கிடந்த ஈரக் கயிற்றை எடுத்துப் பின்னால் போட்டார்.

"ஏறு. நனையாதே."